விளையாட்டில் தலையில் அடி: லயத்துப் பிள்ளை தேறுவது எவ்வாறு?

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். சொல்லி வைத்ததை நாமும் மறந்துவிடவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்தில் மட்டும் அது நமக்கு நினைவு வருவதில்லை. காலில் அடிபட்ட பிள்ளையை நாலுபேர் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தலையில் அடிபட்ட பிள்ளையோ தானாக எழுந்து நின்றுவிட்டால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறோம். இந்தச் சிரிப்பு எத்துணை அபாயகரமானது என்பதையும், அந்த அபாயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் ஏற்படுவதில்லை என்பதையும் இந்த வாரம் சற்று ஆராய்வோம்.

பதுளையிலிருந்து புறப்பட்டுப் பசறையைக் கடந்து பிபிலைக்கு இறங்கும் பெருந்தெருவில் இருக்கிறது லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை, அப்பால் மடூல்சீமை எனச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இந்தப் பக்கத்தில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பார்கள். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு சிறு திடல். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். பந்து கானுக்கு அப்பால் போய்விட்டால் அதை எடுத்துவரத் தேயிலைக்குள் இறங்க வேண்டும். அந்தத் திடலில் நமது இளைஞர்கள் உதைபந்தோ, கரப்பந்தோ, கிரிக்கெட்டோ ஆடிக்கொண்டிருப்பார்கள். வாரம் முழுவதும் மலையேறி இறங்கிய கால்களுக்கு அதுவே ஓய்வு, அதுவே உற்சாகம்.

அந்தத் திடலில் ஆடும் ஒரு பையனை நாம் மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். பதினைந்து வயது. இவன் நமது கற்பனைப் பையனே. ஆயினும் இவனைப் போன்றோர் தோட்டந்தோறும் இருக்கிறார்கள். உயர்ந்து வந்த பந்தைத் தலையால் முட்ட எழும்பினான். எதிர் அணிப் பையனும் எழும்பினான். பந்துக்குப் பதில் இரு தலைகளும் மோதின. நம் பையன் கீழே விழுந்தான், சில கணங்கள் விழித்தபடியே கிடந்தான், பிறகு எழுந்தான். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். "தம்பி, ஒன்றும் இல்லை, எழும்பி விளையாடு" என்றார்கள். அவனும் விளையாடினான். ஆனால் எந்தப் பக்கத்துக் கோலை நோக்கி ஓட வேண்டும் என்பதை இருமுறை பக்கத்திலிருந்தவனிடம் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அவனுடைய மூளை அதிர்ந்துபோயிருந்தது.

மூளையதிர்ச்சி என்பது யாது?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம் நிறையுடையது. மண்டையோட்டுக்குள் ஒருவகை நீரில் அது மிதந்துகொண்டிருக்கிறது. தலையிலோ, முகத்திலோ, கழுத்திலோ, ஏன், உடம்பின் வேறு பாகத்திலோ பலத்த அடி விழுந்து தலை வெடுக்கென்று ஆடுமானால், உள்ளேயுள்ள மூளையும் குலுங்குகிறது. நரம்பணுக்களின் இரசாயனச் சமநிலை அப்போது குழம்புகிறது. அதைச் சீர்செய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படுகிறது; அதே வேளையில் அந்தச் சக்தியை வழங்கும் இரத்தவோட்டமோ குறைந்து நிற்கிறது. வரவு சுருங்கிய வேளையில் செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான் அப்போது மூளைக்கு.

இதில் மயக்கம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. விளையாட்டில் நேரும் மூளையதிர்ச்சிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே நினைவு தப்புகிறது. ஏனையோருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, கேட்டதையே திரும்பக் கேட்டல், நடந்தது மறந்துபோதல், காரணமற்ற கோபம், தூக்கக் கோளாறு ஆகியவையே அடையாளங்கள். இவற்றுள் சில உடனே தோன்றும். சில மறுநாள்தான் தலைகாட்டும்.

இன்னொன்றும் அறிய வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "படம் நன்றாக இருக்கிறது" என்று வைத்தியர் சொன்னால், எலும்பு முறிவோ இரத்தக் கசிவோ இல்லை என்பதே அதன் பொருள். மூளையதிர்ச்சி அந்தப் படத்தில் தெரிவதில்லை. தலைக்கவசமும் அவ்வாறே, அது மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முற்றாகத் தடுக்காது.

வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரங்களுக்குள் தேறிவிடுகின்றனர். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நான்கு வாரங்கள் வரை ஆகலாம். அவர்களின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். நான்கு வாரங்களுக்குப் பின்னும் உபாதை நீங்காத பிள்ளைகளும் உண்டு. சிறுமியருக்கு உபாதை சற்று நீடிப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. வலைப்பந்தும் கரப்பந்தும் ஆடும் பெண்பிள்ளைகளின் தாய்மார் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே அடி, இரண்டு இடம்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பல்லேகலையில் ஒரு பயிற்சி ஆட்டம் நடைபெற்றது. துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகே நின்று தடுத்துக்கொண்டிருந்த இலங்கை வீரர் கௌஷால் சில்வாவின் பின்தலையில் பந்து பட்டது. கண்டியில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட அவர், மேலதிகப் பரிசோதனைக்காக ஆகாயமார்க்கமாகக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் கான்பராவில் திமுத் கருணாரத்னவின் கழுத்தருகே வேகப்பந்து தாக்கியபோதும், மைதானத்திலேயே வைத்தியர் ஓடிவந்தார், தூக்குப்படுக்கை வந்தது, வைத்தியசாலை காத்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல், மூளையதிர்ச்சி அடைந்த வீரருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கலாம் என்று சர்வதேசக் கிரிக்கெட் சபை விதியையே மாற்றியது. இவையெல்லாம் செய்யப்பட வேண்டியவையே, குறைகூற ஒன்றுமில்லை.

ஆனால் இவற்றுக்கு ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன், 1998 பெப்ரவரியில், டாக்காவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இந்திய வீரர் ராமன் லம்பா அதே இடத்தில், தலைக்கவசமின்றி நின்றார். பந்து தலையில் பட்டது. அவர் தம் கால்களாலேயே நடந்து மைதானத்தை விட்டு வெளியேறினார். மூன்று நாட்களுக்குள் அவர் உயிர் பிரிந்தது. நடந்து செல்கிறவன் நலமாக இருக்கிறான் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இப்போது நம் லுணுகலைப் பையனிடம் திரும்புவோம். அவன் திடலில் வைத்தியர் இல்லை. முதலுதவி பயின்ற ஒருவர் இருந்தால் அது அதிர்ஷ்டம். அவன் வீடு நீண்ட லயத்தில் ஒரு காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, தம்பி தங்கையர், பாட்டி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலி எல்லாம். வெளிச்சமும் சத்தமும் தாங்காத பிள்ளைக்கு "அமைதியான அறையில் ஓய்வெடு" என்று எழுதிக் கொடுத்தால், அந்த அறைக்கு அவன் எங்கே போவான்?

திங்கட்கிழமை காலை அம்மா பிரட்டுக்குப் போக வேண்டும். மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றால் அன்றைய பேர் போயிற்று. தோட்டத்து நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டு ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்படுவதற்கே தொழிலாளர் பல ஆண்டுகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் சம்பளம் உயர்ந்ததுண்டு, விலைவாசியும் உயர்ந்ததுண்டு. நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது பெருமைக்குரிய உண்மை. ஆயினும் பஸ் கட்டணம் இலவசமன்று. இழந்த பேரும் திரும்பி வராது. ஆகவே அம்மா மகனின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறாள். காய்ச்சல் இல்லை. "பள்ளிக்கூடம் போய்விட்டு வா ராசா" என்கிறாள். அவள் மீது யார் குற்றம் சொல்ல முடியும்?

அவன் மலையிறங்கி, மலையேறிப் பாடசாலைக்குப் போகிறான். கரும்பலகை எழுத்துகள் அசைகின்றன. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் வாயில் வரவில்லை. "நேற்று முழுக்க விளையாட்டு, இன்றைக்குத் தூக்கமா?" என்று ஏச்சு விழுகிறது. மாலையில் பயிற்சி. இன்னும் இரண்டு வாரத்தில் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் போட்டி. தெரிவாகிவிட்டால் பட்டணத்துப் பாடசாலை ஒன்றில் இடம் கிடைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லயத்துப் பிள்ளைக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. வெளியேறும் வாசல்களுள் அதுவும் ஒன்று. தலைவலிக்கிறது என்று சொன்னால் அந்த வாசல் மூடிவிடும் என அஞ்சி அவன் வாய் திறப்பதில்லை.

ஆராய்ச்சியாளர் சொல்வது என்ன?

ஒரு பிள்ளை வாழும் வட்டாரத்தின் வசதிக்குறைவுக்கும் அவன் காயத்திலிருந்து தேறுவதற்கும் தொடர்பு உண்டா என்பதை அமெரிக்காவில் சில காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். குடும்பங்களின் வருமானம், கல்வி, வேலை, வீடுகளின் நிலை முதலியவற்றைச் சேர்த்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் முகவரியைக் கொண்டு அந்த எண்ணைக் கண்டுபிடித்து, அவன் தேறிய காலத்துடன் ஒப்பிடுகிறார்கள்.

ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வறிய வட்டாரத்துப் பாடசாலைகளில், மைதானத்தில் நின்று காயங்களைக் கவனிக்கும் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. அங்குள்ள பிள்ளைகள் தகுந்த வைத்தியரிடம் வந்து சேர்வதும் தாமதமாகிறது. ஆனால் தேறும் காலத்தைப் பற்றி ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் வறிய வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் காலம் நீண்டது. சிலவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் முறை வைத்தியரிடம் திரும்பி வராத பிள்ளை எந்தக் கணக்கிலும் சரியாக ஏறுவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? ஏழைப் பிள்ளையின் மூளை வேறு, செல்வப் பிள்ளையின் மூளை வேறு அல்ல. காயம் ஒன்றே. காயம் பட்ட கணத்துக்கும் தேறும் நாளுக்கும் இடையில் நடப்பவையே வேறுபடுகின்றன. அவற்றை மூன்று ஆய்வுகள் நன்கு விளக்குகின்றன.

முதலாவது, 2016ஆம் ஆண்டு வெளியானது. மூளையதிர்ச்சி அடைந்த 69 இளம் வீரர்களை இரு கூறாகப் பிரித்துப் பார்த்தனர். அடிபட்டவுடன் வெளியேறி உட்கார்ந்தவர்கள் சராசரி 22 நாட்களில் தேறினர். "ஒன்றுமில்லை" என்று தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாட்கள் பிடித்தன. சரியாக இரண்டு மடங்கு! இரண்டு வாரத்துப் போட்டியைத் தவறவிடக் கூடாது என்று ஆடியவன், ஒன்றரை மாதத்தை இழந்தான்.

இரண்டாவது, 2020ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வெளியானது. அடிபட்ட ஒரு வாரத்துக்குள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர்கள், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வந்தவர்களைவிட விரைவில் குணமடைந்தனர்.

மூன்றாவது, 2019ஆம் ஆண்டு வெளியானது. இளம் வீரர்களில் ஒரு பிரிவினர், உபாதை அதிகரிக்காத அளவில் நாள்தோறும் இலேசான தேகாப்பியாசம் செய்தனர். மற்றவர் உடலை நீட்டி மடக்குவதோடு நின்றனர். முதற்பிரிவினர் ஏறத்தாழ 13 நாட்களிலும் மற்றவர் 17 நாட்களிலும் தேறினர்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். உடனே ஆட்டத்தை நிறுத்துவதற்குப் பணம் வேண்டியதில்லை. இலேசாக நடப்பதற்கும் பணம் வேண்டியதில்லை. நமது வறுமை நம்மிடமிருந்து பறிக்க முடியாத மருந்துகள் இவை. நடுவிலே நிற்கும் ஒன்று, அதாவது காலதாமதமின்றி வைத்தியரைக் காண்பது, அதற்குத்தான் பாதையும் பஸ்ஸும் பேரும் குறுக்கே நிற்கின்றன.

சட்டம் செய்ய வைத்த பிள்ளைகள்

வசதி மிகுந்த நாடுகளும் இதை இலகுவில் கற்றுக்கொள்ளவில்லை. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சக்கரி லைஸ்டெட் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் பாடசாலை ஆட்டத்தில் தலையில் அடிபட்டான். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் இரத்தக் கசிவு. உயிர் தப்பினான், ஆயினும் மீண்டும் பேசவே பல மாதங்கள் சென்றன. 2009ஆம் ஆண்டு அந்த மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது: மூளையதிர்ச்சி என்று ஐயமுள்ள பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும்; வைத்திய அனுமதி எழுத்தில் இன்றி மீண்டும் இறக்கலாகாது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

2013ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்னும் பதினேழு வயது மாணவி, சில நாட்களுக்குள் அடுத்தடுத்து றக்பி ஆட்டங்களில் அடிபட்டாள். தனக்கு மூளையதிர்ச்சி இருக்குமோ என்று தோழியருக்குச் செய்தியும் அனுப்பினாள், வீட்டாரிடம் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் விழுந்தவள் மீளவில்லை. 2018ஆம் ஆண்டு ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரால் சட்டம் செய்தது.

ஒட்டாவாவில் வைத்தியர் இல்லையா? ஸ்கேன் இல்லையா? எல்லாம் இருந்தன. பிள்ளை வாய் திறந்து சொல்வதற்கான சூழ்நிலை இல்லை, அவ்வளவே. இதை எண்ணும்போது, எந்திரங்கள் இல்லாத மலைநாட்டிலும் நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு என்ற தைரியம் பிறக்கிறது.

முதல் மணி நேரம்

அடி விழுந்ததும் செய்ய வேண்டிய முதற் காரியம், ஐயம் இருந்தால் ஆட்டத்திலிருந்து நிறுத்துவது. அன்றைய தினம் திரும்ப இறக்கவே கூடாது. தனியே லயத்துக்கு நடக்க விடவும் கூடாது. ஒருவர் கூடச் செல்ல வேண்டும். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாமல், அசைக்காமல் உதவியை நாட வேண்டும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது: வர வர அதிகரிக்கும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் தளர்தல் அல்லது மரத்தல், நாக்குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாதல், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல், ஆளை அடையாளம் தெரியாமை, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம். இவை மூளைக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை பெறும்.

1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2016ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. கட்டணம் இல்லை. ஆனால் நமது லயங்களில் ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் முகவரியைக் கொண்டு வட்டாரத்தை அளக்கிறார்கள். நமது லயங்களிற் பலவற்றில் வீட்டுக்கென்று தனி முகவரியே இல்லை. கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. அம்புலன்ஸ்காரர் "எங்கே வர வேண்டும்?" என்று கேட்டால், பதறிய வாயில் பதில் வராது. ஆகவே தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் இலக்கம், வாகனம் எந்தச் சந்தி வரை வரும் என்னும் விவரம் ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி, மைதானத்துக்கு அருகிலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டி வையுங்கள். செலவு ஒரு காகிதம். காப்பது ஓர் உயிர்.

அபாய அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், ஓரிரு நாட்களுக்குள் லுணுகலை வைத்தியசாலையிலோ, அவசியமானால் ஸ்கேன் வசதியுள்ள பதுளைப் பெரியாஸ்பத்திரியிலோ பிள்ளையைக் காட்டிவிட வேண்டும். "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது நம் பழமொழி. கோவிலில் திருநீறு போடுவதை யாரும் தடுக்கவில்லை. அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நடக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் பதிலாக நடக்க வேண்டாம்.

காம்பராவுக்குள் ஓய்வு

அடிபட்டவனைத் தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. வைத்தியர் பார்த்து அபாயமில்லை என்று சொன்னபின் தூக்கமே நல்ல மருந்து. முதல் இரவில் ஒருவர் அருகே படுத்து, அவ்வப்போது கவனித்துக்கொண்டால் போதும். வலிக்கு வைத்தியர் சொன்ன அளவில் பனடோல் கொடுக்கலாம். அஸ்பிரின் முதலியவற்றைத் தாமாக வாங்கிக் கொடுக்கலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடும்.

முன்னாளில் பல நாட்கள் இருட்டறையில் கிடத்தி வைப்பதே சிகிச்சை எனக் கருதினர். 2022ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய வைத்திய நிபுணர்கள் அதைக் கைவிடச் சொன்னார்கள். முதல் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் அளவான ஓய்வு; கைத்தொலைபேசித் திரையை இயன்றவரை தவிர்த்தல்; அதன்பின் சிறுகச் சிறுக நடமாட்டம். இதுவே இன்றைய முறை.

இந்த மாற்றம் லயத்துத் தாய்க்கு ஒரு வகையில் ஆறுதலானது. வாரக்கணக்கில் இருட்டறை வேண்டியதில்லை. இரண்டு நாட்களைச் சமாளித்தால் போதும். அந்த இரண்டு நாட்களுக்கு அயலவர் தொலைக்காட்சி ஒலியைக் குறைக்கலாம். சன்னலுக்குப் பழைய சேலையைத் திரையிடலாம். விறகடுப்புப் புகை சேராத பக்கத்தில் பாய் விரிக்கலாம். அம்மா மலைக்குப் போயிருக்கும்போது பாட்டியோ அடுத்த வீட்டு அக்காவோ ஒரு கண் வைத்திருக்கலாம். லயத்தில் சுவர் மெல்லியது என்று நாம் வருந்துகிறோம். ஆபத்துக்கு ஓடிவர அதே மெல்லிய சுவர் உதவும்.

ஆனால் தண்ணீர் சுமத்தல், விறகு சுமத்தல், செங்குத்துப் பாதையில் பள்ளிக்கு ஓடுதல் ஆகியவை "இலேசான நடமாட்டம்" அல்ல. பட்டணத்து வைத்தியர் "கொஞ்சம் நடக்கலாம்" என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது சமதரை. நமது பாதை எத்தகையது என்பதை அவருக்குத் தெரிவித்து யோசனை கேட்பது பெற்றோர் கடமை. நடக்கும்போது தலைவலி கூடினால் நிற்க வேண்டும், அதுவே அளவுகோல்.

முதலில் புத்தகம், பிறகே பந்து

பாடசாலைக்கு முழுமையாகத் திரும்பாத பிள்ளை மைதானத்துக்குத் திரும்பலாகாது. முதலில் அரை நாள், பிறகு முழு நாள். இடையில் சற்றுக் கண்மூடி இருக்க அனுமதி. சில நாட்களுக்குப் பரீட்சை வேண்டாம். ஆசிரியப் பெருமக்கள் இதை அறிந்திருந்தால், மூளை களைத்த பிள்ளையைச் சோம்பேறி என்று ஏச மாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டில் ஒரு மாதம் மங்கிய மூளையோடு வகுப்பில் உட்கார்ந்தால், அதன் விளைவு மைதானத்தோடு நிற்காது.

அதன்பின் படிப்படியாக விளையாட்டு: இலேசான நடை, தனியே ஓட்டம், தனியே பந்துப் பயிற்சி, பிறரோடு மோதலில்லாப் பயிற்சி, வைத்தியர் அனுமதியோடு முழுப் பயிற்சி, இறுதியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். உபாதை திரும்பினால் ஒரு படி கீழிறங்க வேண்டும்.

நிபுணர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? 2023ஆம் ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் சாதாரண ஊர்க்கழகங்களுக்கென்றே ஓர் எளிய விதியை வெளியிட்டது. அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாட்கள் வரை போட்டியில் இறங்கலாகாது. மோதலுள்ள பயிற்சிக்கு முன் உபாதையின்றி 14 நாட்கள் கழிய வேண்டும். நமது தோட்டத்துக் கழகங்களும் இந்த 21 நாள் விதியை ஏற்றுக்கொள்ளலாமே! நாட்காட்டியில் கோடு போடத் தெரிந்தவர் எவரும் இதைக் காப்பாற்றலாம்.

யார் என்ன செய்யலாம்?

கழகத் தலைவர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவரை நியமித்து, "இன்று தலையடிக்கு நீர் பொறுப்பு" என்று சொல்லிவிடலாம். அவர் சொன்னால் எவனும் வெளியே வந்தாக வேண்டும், கப்டனும் மறுக்கலாகாது. பாடசாலைகள், காயத்தால் போட்டியைத் தவறவிட்ட பிள்ளைக்கு அடுத்த தெரிவில் இடம் உண்டு என்று முன்கூட்டியே உறுதி கூறலாம். அந்த ஒரு வாக்குறுதி, மறைத்துவைத்த எத்தனையோ தலைவலிகளை வெளிக்கொணரும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும், காயமுற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய பேரை வெட்டாதிருக்க ஏற்பாடு செய்யலாம். தோட்டத்து லொறி ஒரு பிள்ளைக்காகச் சந்தி வரை ஓடினால் நட்டமில்லை. இவற்றைத் தருமமாகக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பறித்த கொழுந்தில் ஓடுகிற தோட்டமல்லவா அது?

இறுதியாக நம் பையனிடம் திரும்பி வருவோம். அதே ஞாயிறு, அதே திடல், அதே மோதல். ஆனால் இம்முறை, அவன் எந்தப் பக்கத்துக் கோல் என்று கேட்டபோது ஒருவர் சிரிக்கவில்லை. "தம்பி, வெளியே வந்து உட்கார்" என்றார். அவன் முகம் சுருங்கிற்று. பக்கத்தில் ஒரு நண்பன் உட்கார்ந்தான். அன்று மாலை இருவர் கூட நடந்து அவனை வீட்டில் சேர்த்தார்கள். அம்மா ஒரு பேரை இழந்தாள். மறுநாள் வைத்தியரைக் கண்டாள். வின்சன்ட் டயஸ் மைதானத்துப் போட்டி அவனின்றியே நடந்தது. அன்று அவன் அழுதான். நான்காம் வாரத்தில் திடலுக்கு வந்தான். அடுத்த வருடம் பதுளைக்குப் போனான்.

இரண்டு கதைகளிலும் லயம் ஒன்றே, வறுமை ஒன்றே, அடியும் ஒன்றே. வேறுபட்டது, தெரிந்தவர் ஒருவர் மைதானத்தின் ஓரத்தில் நின்றதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்த் திடலில் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.